மலை ஏறினால் பரு இறங்குமா?

திருநீர்மலை என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெருமாளா, சினிமாவா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பத்தில் ஒன்பது பேர் சினிமா என்றுதான் சொல்வீர்கள். ஹீரோ, ஹீரோயினின் கையைப் பிடித்துக்கொண்டு தடதடவென்று படியேறுவார். பின்னாலேயே பெண்ணின் அப்பா அனுப்பிய ஆட்கள் அரிவாளோடு துரத்துவார்கள். மேலே நண்பர்கள் மாலையும் மஞ்சள் கயிறுமாகத் தயாராக நிற்பார்கள். ஒரு கல்யாணம், ஒரு சண்டை, இடைவேளை!

கோடம்பாக்கத்துக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சிட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மலை, படிக்கட்டு, கோபுரம், குளம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஆனால், நான் இந்த வாரம் சொல்லப்போவது ஓடி வந்த ஜோடியைப் பற்றி இல்லை. பருவைப் பற்றி. ஆமாம் சார், முகப்பரு! மலைக்கும் பருவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? (இரண்டுமே மேடு என்பதைத் தவிர?) கொஞ்சம் பொறுங்கள். பொறுமைதான் இன்றைய பாடமே.

கல்லும் தோலும்

பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் ஏறி, பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ இறங்குங்கள். தண்டவாளத்துக்கு மேற்குப் பக்கம்தான் திருநீர்மலை. பஸ், ஷேர் ஆட்டோ எது வந்தாலும் ஏறிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள். போனால் பல்லாவரம் சந்தையில் மாட்டிக்கொள்வீர்கள். பழைய மிக்ஸி முதல் புறா வரை அங்கே கிடைக்காததில்லை. கோயிலுக்குப் போன மனுஷன் கையில் மீன் தொட்டியோடு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

பல்லாவரம் சாதாரண ஊர் இல்லை. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார புவியியல் அதிகாரி இங்கேதான் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முக்கியமான சாட்சி அது. ஆதிமனிதன் அந்தக் கல்லால் எதை வெட்டினானோ தெரியாது. என் அக்கா பையன் ஷேவ் செய்துகொள்ளும் லட்சணத்தைப் பார்த்தால், அவன் இன்னும் அதைத்தான் உபயோகிக்கிறான் என்று தோன்றும்.

குரோம்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? 'குரோம் லெதர் கம்பெனி' என்ற தோல் தொழிற்சாலையால் வந்தது. குரோமியம் உப்பைப் போட்டுத் தோலைப் பதனிடுகிற கம்பெனி. அங்கிருந்து திருநீர்மலைக்குப் போகிற வழியில் வரும் நாகல்கேணியும் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போனதுதான்.

ஆக, இந்த வட்டாரத்துக்கே தோலோடு பழைய உறவு. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, முடி நீக்கி, மறுபடி ஊறவைத்துப் பதப்படுத்த நாள்கணக்கில் ஆகும். உயிர் போன தோலுக்கே இத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது. உயிருள்ள தோலை, அதுவும் மூஞ்சித் தோலை, இரண்டே நாளில் பளபளப்பாக்க வேண்டும் என்றால் எப்படி சார்?

நாலு ஊர், ஒரே டிக்கெட்

நான் பி.காம். எதையும் வரவு-செலவாகத்தான் பார்க்கத் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால் திருநீர்மலை மாதிரி லாபமான ஸ்தலம் கிடையாது.

பெருமாள் இங்கே நான்கு கோலங்களில் இருக்கிறார். மலையடிவாரத்துக் கோயிலில் நீர்வண்ணராக நின்ற கோலம். மலை மேலே நரசிம்மராக அமர்ந்த கோலம், அரங்கநாதராகப் படுத்த கோலம், உலகளந்த பெருமாளாக நடந்த கோலம். நறையூர், திருவாலி, குடந்தை, கோவலூர் என்று நாலு ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டியதை இந்த ஒரே மலையில் பார்த்துவிடலாம் என்று திருமங்கையாழ்வாரே பாடி வைத்திருக்கிறார். நாலு ஊர் பஸ் சார்ஜை மிச்சம் பிடித்துக் கொடுத்த ஆழ்வார்!

அந்த ஆழ்வார் இங்கே வந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் கதைதான் நமக்கு முக்கியம். அவர் வந்த சமயம் மலையைச் சுற்றிலும் ஒரே தண்ணீர். மலை மட்டும் தீவு மாதிரி நடுவில் நிற்கிறது. போக வழியில்லை. வேறு யாராக இருந்தாலும் "அடுத்த டிரிப்பில் பார்த்துக்கலாம்" என்று திரும்பியிருப்பார்கள். ஆழ்வார் திரும்பவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று பக்கத்திலேயே தங்கிவிட்டார். எத்தனை நாள்? ஆறு மாதம்! நீர் சூழ்ந்த மலை என்பதால் நீர்மலை என்று பெயர்.

புராணம்தானே என்று தள்ள வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், அனகாபுத்தூர் எல்லாம் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஆழ்வார் சொன்னது கொஞ்சமும் மிகையாகத் தெரியாது.

கர்ச்சீப் அவிழ்ந்தது

சரி, பருவுக்கு வருவோம்.

என் அக்கா பையனுக்கு வயது இருபத்தைந்து. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. பெண் பார்த்து முடிவாகிவிட்டது. ஐந்து வாரத்தில் நிச்சயதார்த்தம். "நல்லபடியா நடக்கணும்னு நீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டு வாங்கடா" என்று அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டாள்.

பையன் படியேற ஆரம்பித்ததிலிருந்தே கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏன்டா, பேங்க் கொள்ளைக்காரன் மாதிரி வர்றே?"

"வெயில் தாங்கலை மாமா."

காலை எட்டு மணி வெயில்! வாக்கிங் வந்த எழுபது வயது தாத்தாக்கள் எல்லாம் ஜம்மென்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சந்நிதி வந்ததும் கர்ச்சீப்பை அவிழ்த்துத்தானே ஆகவேண்டும்? அவிழ்த்தான். எனக்கு ஒரு நிமிஷம் பெருமாளைச் சேவிக்கவே மறந்துவிட்டது. இரண்டு கன்னமும் குங்குமத்தைக் கரைத்துப் பூசிய மாதிரி செக்கச் செவேல். அதன் மேல் பொடிப் பொடியாகப் பரு. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிகிறது.

தரிசனம் முடிந்து வெளியே வந்து உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பைபாஸில் எறும்பு மாதிரி லாரிகள், தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. பையன் எதையும் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு டியூபை எடுத்தான்.

"இதைப் போட்டா ரெண்டு நாள்ல எல்லாம் அமுங்கிடும் மாமா. மூஞ்சி பளபளன்னு ஆயிடும். ஆனா நாலு நாள் நிறுத்தினா முன்னைவிட ஜாஸ்தியா வருது. அதனால நிறுத்தறதே இல்லை."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்."

"எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?"

"டாக்டரா? ரூம்மேட்."

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பத்திரமாக இருந்தாலும் அடியிலே இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பான். டியூபின் பொடி எழுத்தைப் படித்தேன். 'மொமெட்டசோன்' என்று இருந்தது. ஸ்டீராய்டு!

முகத்துக்கு மீட்டர் வட்டி

உங்கள் வீட்டு அலமாரியில், பாத்ரூம் ஷெல்பில், ஹாஸ்டல் ரூம் ஜன்னலில் இதே மாதிரி டியூப் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன்... இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. மோசமான மருந்து இல்லை. எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரி வியாதிகளுக்குத் தோல் டாக்டர்கள் அளவாக, நாள் குறித்துக் கொடுக்கிற நல்ல மருந்துதான். பருவுக்குப் போட்டால்தான் வில்லன்.

அது செய்கிற வேலை என்ன? சிவப்பையும் வீக்கத்தையும் உடனே அமுக்கும். அதனால் இரண்டே நாளில் முகம் தெளிந்த மாதிரி தெரியும். பருவுக்கான காரணம் உள்ளே அப்படியே இருக்கும். வாரக்கணக்கில் போடப் போட, தோல் மெலியும். வெயில் பட்டால் எரியும். கன்னத்தில் பூனைமுடி வளரும். ஸ்டீராய்டே புதுப் பருவைக் கிளப்பும். நிறுத்தினாலோ எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். பயந்து மறுபடி போடுவீர்கள்.

நம் ஊரில் இதற்கு மீட்டர் வட்டி என்று பெயர். வாங்கும்போது சுலபம். அடைக்க முடியாது. அடைப்பதற்கும் அவனிடமே கடன் வாங்க வேண்டும்!

இது என் அக்கா பையன் ஒருத்தன் சமாசாரம் இல்லை. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் முகத்துத் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். சிவப்பழகுக்காகப் போட்டவர்கள் அதிகம். அதற்கு அடுத்தபடி பருவுக்காகப் போட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு சிபாரிசு செய்தது டாக்டரே இல்லை. ரூம்மேட்டுகள் நாடு முழுவதும் இருக்கிறார்கள்!

தோல் டாக்டர்கள் சங்கம் போட்ட சத்தத்துக்குப் பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு உத்தரவாக இருக்கிறது. டியூப் டியூபாக இருக்கிறது.

டோக்கன் முப்பத்தேழு

அந்த வாரமே ஒரு தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். டோக்கன் நம்பர் முப்பத்தேழு. அவர் பையனின் முகத்தைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். திட்டவில்லை. "தினமும் ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க" என்றார்.

"நிச்சயதார்த்தம் வரைக்கும் மட்டும் இதையே போட்டுக்கறேனே டாக்டர்? ப்ளீஸ்..."

"நிச்சயதார்த்தம் முடிஞ்சா கல்யாணம் வரைக்கும்னு சொல்வீங்க தம்பி. அப்புறம் வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம்... எப்ப நிறுத்தப்போறீங்க?"

பையன் வாயை மூடிக்கொண்டான்.

பிறகு அவர் பருவின் கதையைச் சொன்னார். நம் புறநகர்வாசிகளுக்கு நன்றாகப் புரியும். ஏனென்றால் அது சாக்கடை அடைப்புக் கதை. முகத்தில் ஒவ்வொரு முடிக்காலுக்கும் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயசு வந்ததும் ஹார்மோன் உத்தரவுப்படி அது எண்ணெயைக் கூடுதலாகச் சுரக்கும். உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய எண்ணெயில் ஒரு பாக்டீரியா பெருகும். (2016-ல் அதற்கு 'குட்டிபாக்டீரியம்' என்று பெயர் மாற்றினார்கள். நியூமராலஜிக்காக இல்லை!) அப்புறம் வீக்கம், சீழ். ஆக நாலு காரணம்: எண்ணெய், அடைப்பு, கிருமி, அழற்சி. பெருமாளுக்கு நாலு கோலம் மாதிரி பருவுக்கும் நாலு கோலம். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும்.

அழுக்கினால் வருவதில்லை. அதனால் நாளைக்குப் பத்து தடவை சோப்புப் போட்டுத் தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை. காலை, மாலை இரண்டு வேளை போதும். பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு வயதுக்குள் சுமார் 85 சதவீதம் பேருக்குப் பரு வருகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பரு வராதவன்தான் வெட்கப்பட வேண்டும், மைனாரிட்டி!

வைத்தியங்களின் வரிசை

ஆபீஸ் போகிற நண்பர்களுக்காக டாக்டரம்மா சொன்னதை லெட்ஜர் மாதிரி எழுதித் தருகிறேன். டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக இல்லை. டாக்டர் எழுதியது புரிவதற்காக.

கரும்புள்ளி, வெண்புள்ளி, சின்னச் சின்னப் பரு என்றால் பூச்சு மருந்தே போதும். அடாபலின் என்ற ஜெல் அடைப்பை எடுக்கும். ராத்திரியில், ஒரு பட்டாணி அளவு, முகம் முழுக்க. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது தப்பு. முதல் சில வாரம் தோல் உரியும். பரு கொஞ்சம் கூடின மாதிரிகூடத் தெரியும். இங்கேதான் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். கூடவே உங்கள் கலர் துண்டு, தலையணை உறையின் சாயத்தையும் எடுத்துவிடும். வெள்ளைத் துண்டு உபயோகியுங்கள்.

சிவந்து, சீழ் வைத்த பருக்கள் நிறைய என்றால் டாக்சிசைக்ளின் மாதிரி மாத்திரை, கணக்கு வைத்து மூன்று மாத அளவில் கொடுப்பார்கள். கூடவே பூச்சும் உண்டு. மாத்திரையை மட்டும் இஷ்டத்துக்கு நீங்களே வாங்கி, இஷ்டத்துக்கு நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

கட்டி கட்டியாக, வலியோடு, தழும்பு விழுகிற பரு என்றால் ஐசோட்ரெடினோயின். அமெரிக்காவில் 1982-லேயே அனுமதி பெற்ற மருந்து. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். பிரம்மாஸ்திரம்தான். ஆனால் கர்ணனுக்குப் போல இதற்கும் சாபங்கள் உண்டு. உதடு வெடிக்கும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்குப் பெரிய ஆபத்து. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ஆண்களும் ரத்த தானம் செய்யக்கூடாது. டாக்டர் இல்லாமல் தொடவே கூடாத மருந்து.

தழும்புக்கு ஊசி உருளை, கெமிக்கல் பீல், லேசர் என்று பலது இருக்கிறது. ஆனால் பரு அடங்கிய பிறகுதான். வீடு எரியும்போது யாரும் வெள்ளையடிப்பதில்லை.

சாப்பாடு? எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் நேரே முகத்துக்கு வந்துவிடாது. சர்க்கரை, மைதா, பால் அதிகமானால் சிலருக்குப் பரு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் கவனிக்கவும்: வே புரோட்டீன் பவுடராலும் பரு வரலாம். 'உடம்பு ஏறும்' என்று மாஸ்டர் போடும் ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் முதுகெல்லாம் வரும். நெற்றியில் மட்டும் பரு என்றால், தலையில் வழிய வழியத் தேய்த்த தேங்காய் எண்ணெயைச் சந்தேகியுங்கள். தாடையில் மட்டும் என்றால் ஹெல்மெட் வாரைக் கழுவுங்கள். (ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். பரு ஆறும், மண்டை ஆறாது.)

ஜாதிக்காய் இழைத்துப் போடுவது, சங்கு இழைத்துப் போடுவது, சந்தனம், வேப்பிலை எல்லாம் பாட்டிகளின் பட்டியல். பாட்டியின் பாசத்தில் குறையில்லை. பற்பசையும் எலுமிச்சைச் சாறும் மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்கிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. படித்த வைத்தியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பாட்டில் விற்கிறவரிடம் ஏன் போக வேண்டும்?

சானடோரியத்துப் பாடம்

அந்த சானடோரியம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். இன்றைக்கு மருந்து இருக்கிறது. ஆனாலும் வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதக் கோர்ஸ். இருமல் நின்றுவிட்டதே என்று ரெண்டாவது மாதத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தாம்பரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பருவுக்கும் அதே கணக்குதான். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் நாலு வாரம் ஆகும். எந்த நல்ல மருந்தும் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் எடுக்கும். பெரிய பருவென்றால் ஆறு மாதம். அதாவது ஆழ்வார் கணக்கு! தண்ணீர் வடிகிற நேரத்தில்தான் வடியும். நடுவிலே நீச்சலடிக்கிறேன் என்று குதித்தால் முழுக வேண்டியதுதான்.

"ஆறு மாசமா! ஆழ்வார் ஊருக்குப் போயிட்டு மறுபடி வந்திருக்கலாமே மாமா?" என்றான் பையன்.

"போயிருந்தா அவரும் உன்னை மாதிரி ஒன்றரை வருஷம் அலைஞ்சிருப்பார்டா."

பையன் பேசியது

டாக்டரம்மா ஸ்டீராய்டைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். முதலில் தோலை ஆற்றுவதற்கு சாதாரண மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன், டாக்சிசைக்ளின். தோல் தேறிய பிறகுதான் அடாபலின். "ரெண்டு மூணு வாரத்துல முகம் இன்னும் மோசமாகும். பயந்து டியூபை எடுத்துடாதீங்க" என்று எச்சரித்தே அனுப்பினார். கணக்குப் போட்டால், முகம் உச்சகட்ட மோசத்தில் இருக்கும் நேரமும் நிச்சயதார்த்தமும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறது!

அன்றைக்கு ராத்திரி பையன் மொட்டை மாடிக்குப் போய் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தான். பெண் பார்க்க வந்தபோது இருந்தது மருந்தால் வந்த முகம், நிச்சயதார்த்தத்தன்று வேறு முகமாக இருக்கும், யோசித்துச் சொல் என்று நேராகவே சொல்லிவிட்டான். கீழே அக்கா பெருமாளை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று அவளுக்குக் கை நடுக்கம்.

அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "டியூப் பேர் என்ன?"

சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எங்க அக்கா டிரெஸ்ஸிங் டேபிள்ல இதே டியூப் இருக்கு. கலர் வர்றதுக்குன்னு நாலு வருஷமா போட்டுக்கறா. வெயில்ல வெளியே வரவே மாட்டேங்கறா. ஏன்னு இப்பத்தான் புரியுது. அந்த டாக்டர் அட்ரஸ் கொடுங்க."

பெண் வீட்டுக்கு டாக்டர் அட்ரஸைச் சீராகக் கொடுத்த முதல் மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பையனாகத்தான் இருப்பான்!

நிச்சயதார்த்தம் நடந்தது. முகம் டாக்டரம்மா சொன்னபடியே சிவந்து, பொரிந்து, வஞ்சகமில்லாமல் இருந்தது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பதினேழு வரை எண்ணினேன். பையன் எல்லோருக்கும் "சரிங்க, சரிங்க" என்றான். எதையும் போடவில்லை.

இப்போது நாலாவது மாதம். சிவப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. பரு அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கிறது. கன்னத்தில் இரண்டு மூன்று குழிகள் நிற்கும். அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. முக்கியமான விஷயம், போன ஞாயிற்றுக்கிழமை கர்ச்சீப் இல்லாமல் திருநீர்மலை ஏறிவிட்டு வந்தான். வருங்கால மச்சினியும் வந்திருந்தாளாம், குடை பிடித்துக்கொண்டு. டாக்டர் சொன்னபடி அவளும் டியூபைக் குறைத்துக்கொண்டு வருகிறாள்.

நீங்களும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். படியை எண்ணிக்கொண்டே ஏறினால் கால் வலிக்கும். கண்ணாடியில் பருவை எண்ணினாலும் அப்படித்தான்.

நிச்சயதார்த்த ஆல்பத்தின் புரூஃபை போட்டோகிராபர் இந்த வாரம்தான் கொண்டுவந்தார். (அவர்களுக்கும் ஆழ்வார் கணக்குதான்!) படங்களைக் காட்டிவிட்டு ரகசியமாகப் பையன் காதில் கேட்டார்:

"பருவையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துடட்டுமா சார்? ரெண்டே நிமிஷம்."

"வேண்டாம் சார்" என்றான் பையன். "அதுக்கு ஆறு மாசம் டைம் கொடுத்திருக்கேன்."